ரங்காத்தாளின் கழுத்து

என் கழுத்தைப் பற்றி நாற்பத்து நாலு வயது வரை எனக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை. அது பாட்டுக்குத் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி ஆபீசில் ஒரு சின்னப் பெண் கேமராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாயி, தாடையச் சித்த மேல தூக்குங்க. கழுத்துச் சதை மடிஞ்சு நெழலடிக்குது."

அம்மாயியாம், அம்மாவைப் பெற்ற பாட்டி. அவளைப் பெற்றவளுக்கு என் வயதுதான் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் தேவிப்பிரியா. அவிநாசியிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். ஆளெடுக்கிற வேலையையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்க்கிறவள். கெட்ட பெண் இல்லை, கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் தாடையைத் தூக்கிய தூக்கில், போட்டோவில் என் மூக்குத் துவாரம்தான் பெரிதாக விழுந்தது. மறுபடியும் எடுத்தாள்.

என்ன போட்டோ, எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக நான் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் புரட்டி, ஓட்டை, கறை, தையல் விட்டது, அளவு பிசகியது எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நின்றுகொண்டேதான் வேலை. காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரைக்கு விடுவார்கள். ஷிப்மென்ட் நெருக்கினால் அதுவும் கிடையாது. நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். 'முடியலீங்க' என்று சொன்னால், 'சரிங்க, நாளைக்கு வர வேண்டாமுங்க' என்று மரியாதையாகவே சொல்லிவிடுவார்கள்.

அந்த ஆடியில்தான், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஒருவன் காண்ட்ராக்ட் ஆட்களே கூடாது என்று சொல்லிவிட்டானாம். எங்கள் மாடிக்கு இன்சார்ஜ் பூபாலன். அவன் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான்.

"செக்கிங்ல நாப்பது பேர கம்பெனி ரோல்ல எடுக்கறோமுங்க. ஒரே ஷிப்ட். எட்டரைக்கு வந்தா அஞ்சரைக்கு ஊட்டுக்குப் போயிரலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. வயசு நாப்பத்தஞ்சுக்குள்ள இருக்கோணும். அதுக்கு ப்ரூஃபும் போட்டோவும் வேணுமுங்க. மீதிப் பேருக்கு..."

அங்கே நிறுத்திவிட்டான். மீதிப் பேருக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அறுபத்தைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம்.

அஞ்சரைக்கு வீடு என்றானே, அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் என் காதில் நிற்கவில்லை. அஞ்சரைக்கு விட்டால் ஆறரைக்கு உலை வைத்து, எட்டுக்குச் சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுத்தால் காலை ஐந்து வரை தூங்கலாம். முழுசாக எட்டு மணி நேரம்! பதினோரு வருடத்தில் நான் சேர்ந்தாற்போல் எட்டு மணி நேரம் தூங்கியது, டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும்தான். அந்தக் கட்டிலை நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன், சத்தியமாக. எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம், தூக்கம் வேண்டும். எப்படியாவது அந்த நாற்பது பேரில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

வயது எனக்கு நாற்பத்து நாலு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் பூபாலனும் நானும் குண்டடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர். அவன் மார்கழிக் கடைசியில் பிறந்தான், நான் தை எட்டாம் தேதி பிறந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே மருத்துவச்சி. அவன் பள்ளிக்கூடம் போனான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு என்று அவனுடைய சர்ட்டிபிகேட்டில் அச்சடித்து இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் எருமை மேய்க்கத்தான் போனேன்.

என்னிடம் இருந்தது இரண்டு அட்டை. வாக்காளர் அட்டைக்கு எழுத வந்தபோது நான் மிளகாய்த் தோட்டத்தில் இருந்தேன். என் மாமியார் வாசலில் உட்கார்ந்துகொண்டு, தன் இஷ்டத்துக்கு என் வயதில் பத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அந்தக் கணக்குப்படி எனக்கு ஐம்பத்து நாலு. போன வருடம் வந்த ரேஷன் அட்டையில் நாற்பத்தெட்டு. அதை யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தேவிப்பிரியா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒத்து வரலீங்களே. ரெண்டுமே நாப்பத்தஞ்சுக்கு மேல வேற இருக்குது."

"ரெண்டும் தப்பு, கண்ணு. எனக்கு நாப்பத்து நாலுதான். பூபாலனக் கேட்டுப் பாரு."

"அவர் சொன்னாச் செல்லாதுங்க. கவர்மெண்ட் டாக்டர்கிட்டப் போயி வயசு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு ரெண்டு வாரத்துக்குள்ள வந்துருங்க. டாக்டர் பாத்து என்ன எழுதறாங்களோ, அதுதான் வயசு."

டாக்டர் பார்த்து. அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. எதைப் பார்ப்பார்? மூஞ்சியைத்தானே பார்ப்பார்? இந்தப் பெண் பார்த்த பார்வைக்கே நான் அம்மாயி ஆகிவிட்டேன். டாக்டர் பார்த்தால் அறுபது என்று எழுதி என்னைக் காசிக்கே அனுப்பிவிடுவார்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். செக்கிங் பார்க்கிற கண் எனக்கு. ஒரு பீஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். கன்னம் இரண்டும் இறங்கி வாய்க்கு இரண்டு பக்கமும் பை கட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே சுருக்கம். தாடைக்குக் கீழேதான் மோசம், கழுத்துத் தோல் இரண்டு மடிப்பாகத் தொங்கியது. சர்க்கரை வியாதி வருவதற்கு முன்னால் நான் நல்ல குண்டு. வந்த ஒரே வருடத்தில் இருபது கிலோ இறங்கிவிட்டது. புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துவிட்டேன். பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற ரிப் பட்டியை இப்படித்தான் இழுத்துவிட்டுப் பார்ப்போம், விட்ட உடனே பழைய அளவுக்கு வந்தால் பாஸ். என் கைத் தோல் கூடாரம் போட்ட மாதிரி நின்றுவிட்டு, மூன்று எண்ணிய பிறகு மெதுவாகப் படுத்தது. ரிஜெக்ட்.

என் வீட்டுக்காரர் ராசப்பன் விசைத்தறி ஓட்டுகிறவர், தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர். நான் கண்ணாடியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஆளு எளைச்சுட்ட, பை மட்டும் பழைய சைசுலயே இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடாமல் ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டார்.

என் பக்கத்து மேஜை மூக்கம்மாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பத்திரண்டு வயது, அவளுக்கு இதில் கவலையில்லை. ஆனாலும் எனக்காகக் கவலைப்பட்டாள்.

"ஏக்கா, முட்டை வெள்ளக் கருவப் பூசுக்கா. எங்க ஊர்ல கல்யாணப் பொண்ணுக்குப் பூசுவாக. தோலு சும்மா டிரம்மு கணக்கா இழுத்துக்கிரும்."

பூசினேன். இழுக்கத்தான் செய்தது. கன்னம் விறைத்து, பேசினால் வெடிக்கும் போல இருந்தது. கழுவினதும் பழைய ரங்காத்தாள். பிறகு பார்லர் என்று ஒரு இடத்துக்கும் அவளே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒருத்தி என் முகத்தில் பப்பாளியைத் தேய்த்து, மண்ணைப் பூசி, வெள்ளரிக்காயைக் கண்ணில் வைத்தாள். வெள்ளரிக்காய் வைத்த இருபது நிமிஷமும் நான் தூங்கிவிட்டேன். குறட்டை விட்டேனாம். அதுதான் அங்கே நான் கண்ட பலன். "பத்து சிட்டிங் வந்தாத் தெரியுமுங்க" என்றாள் அவள். டாக்டரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

இனிமேல் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். திருப்பூரில் செக்கிங் மேஜையில் நின்ற எவளுக்கும் அந்தப் புத்திதான் வரும்.

பனியனில் 'கழுத்து லூஸ்' என்று ஒரு குறை உண்டு. தைக்கும்போது ரிப்பை இழுத்துத் தைத்துவிட்டால் கழுத்து தளர்ந்து தொங்கும். அந்தப் பீஸைத் தூக்கி எறிய மாட்டோம். அம்பு ஸ்டிக்கரைக் கழுத்தில் ஒட்டி அயர்னிங்குக்கு அனுப்புவோம். அயர்ன் மாஸ்டர் கன்னையன் அதைத் தேய்க்க மாட்டார். அயர்ன் பாக்ஸை ஒரு விரற்கடை மேலே பிடித்து, பட்டனை அமுக்கி ஆவியை மட்டும் விடுவார். காலால் பெடலை மிதித்தால் மேஜை ஆவியை உறிஞ்சிவிடும். எடுத்துப் பார்த்தால் கழுத்து அரை இஞ்ச் சுருங்கி, கிண்ணென்று நிற்கும். நானே டேப் வைத்து அளந்திருக்கிறேன். பதினோரு வருடத்தில் இப்படி எத்தனை ஆயிரம் கழுத்துகளை நான் கன்னையனிடம் அனுப்பியிருப்பேன்! அத்தனையும் சுருங்கித்தான் வந்தன.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். கன்னையன் பீடிக்கு வெளியே போயிருந்தார். நான் அவர் மேஜைக்குப் போனேன். கண்ணாடி ஜன்னலில் என் நிழல் தெரிந்தது. அயர்ன் பாக்ஸைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு விரற்கடை ஆபத்து என்று எனக்குத் தெரியாதா என்ன, ஒரு சாண் தள்ளியே தாடைக்குக் கீழே பிடித்து, பட்டனை லேசாக அமுக்கினேன்.

முதலில் கொதிக்கிற தண்ணீர் நாலு சொட்டுத் தெறித்தது. பிறகு ஆவி ஒரேயடியாகப் பாய்ந்தது. அய்யோ என்று கத்தினேனா, அதுகூட நினைவில்லை. பாக்ஸ் மேஜையில் விழுந்த சத்தம் கேட்டு மூக்கம்மாள் எச்சில் கையோடு ஓடி வந்தாள்.

"அடப் பாவி மகளே! என்னக்கா பண்ணித் தொலச்ச?"

கன்னையன் வந்து என்னைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுத்தில் தண்ணீரை விட்டார். "ஏம்மிணி, உனக்குப் புத்தி மழுங்கிப் போச்சா? அது துணிம்மிணி, இது தோலு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மொத்த மாடியும் திரும்பிப் பார்த்தது. எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். வெட்கம்தான் அதிகமாக எரிந்தது. இடது காதுக்குக் கீழேயிருந்து தொண்டை வரை ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, சாயங்காலத்துக்குள் கொப்புளம் கட்டிவிட்டது.

பூபாலன் என்னைத் தனியாக அழைத்துப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தான். மற்றவர்களுக்கு முன்னால் நான் அவனைச் சார் என்பேன். தனியாக இருந்தால் ஊர்ப் பழக்கம்தான்.

"எதுக்கு ரங்கா இப்படி?"

"உனக்கென்ன பூபாலா. இருபது வருசமா நெழல்ல நின்ன. தலைக்கு டை அடிச்சுக்கிட்ட. உன்னய எவளாவது அப்புச்சி, தாத்தான்னு கூப்பிட்டாளா?"

நாங்கள் இரண்டு பேரும் பத்து நாள் முன்னே பின்னே பிறந்தவர்கள் என்று அந்த ஆபீசில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தான்.

லீவு எழுதியும் நான் அன்றைக்குப் போகவில்லை. வெந்த கழுத்தோடு போனால் வயது கூடித் தெரியும் என்று பயம். ஆனால் திங்கட்கிழமை தாளைக் கொடுத்தாக வேண்டும், சனிக்கிழமைக்கு மேல் தள்ளவும் முடியாது. கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். நிற்பது எனக்குப் புதிதில்லை.

உள்ளே ஒரு பெண் டாக்டர். என்னைவிடச் சின்னவர், ஆனால் கண்ணுக்குக் கீழே என்னைவிடப் பெரிய பை. காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ, பேனாவைப் பிடித்திருந்த கை சோர்ந்திருந்தது. இந்த அம்மாவும் தூங்குவதில்லை என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். கம்பெனிக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் படிக்காமல் என் தலைப்பை விலக்கினார்.

"இது ஆவி பட்ட புண்ணு. எப்படி ஆச்சுங்க?"

எண்ணெய் தெறித்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதனாலோ உண்மை வந்துவிட்டது. கழுத்து லூஸ், அயர்ன் பாக்ஸ், அரை இஞ்ச், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, வயசு பாக்க நாங்க மூஞ்சியப் பாக்கறதே இல்லீங்க. பல்லப் பாப்போம், எக்ஸ்ரே எடுத்து எலும்பப் பாப்போம். மூஞ்சிய நம்பினா ஆளுக்கொரு வயசு எழுத வேண்டியதுதான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பல்! என் பல்லுக்கு என்ன கேடு? முப்பத்திரண்டும் இருக்கிறது, இன்றைக்கும் கரும்பு கடிப்பேன்.

"அப்ப இந்தத் தோலு மட்டும் ஏனுங்க இப்படி ஆச்சு?"

அவர் புண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தோலுக்கு அடியில நூலு நூலா ஓடுதுங்க. ஒண்ணு காட்டன் மாதிரி, தாங்கிப் பிடிக்க. இன்னொண்ணு லைக்ரா மாதிரி, இழுத்தாத் திரும்பி வர. வயசானா எல்லாருக்கும் ரெண்டும் தேயும். வெயிலு அத இன்னும் வெரசாத் தேச்சுரும். தோட்ட வேலை செஞ்சீங்களா?"

"முப்பத்திமூணு வயசு வரைக்குமுங்க."

"அதான். அதுபோக உடம்பு சட்டுனு எளைச்சா, இழுபட்ட லைக்ரா பழையபடி வராது. அதுல சூட்ட வேற வச்சா..."

"செத்துருமுங்க" என்றேன்.

செக்கிங்காரிக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? லைக்ரா கலந்த பீஸுக்கு அந்தச் சூடு ஆகாது, நூல் செத்துப்போய்த் தொளதொளவென்று ஆகிவிடும் என்று கன்னையனோடு மாதம் ஒரு சண்டை போடுகிறவள் நான். என் கழுத்தை நான் காட்டன் என்று நினைத்துவிட்டேன். நாற்பத்து நாலு வருடம் கூடவே இருந்தும், அது என்ன துணி என்று தெரிந்துகொள்ளவில்லை.

"இத ஏத்தறதுக்கு ஏதாச்சும் வழி உண்டுங்களா?"

"உள்ளதச் சொல்லட்டுங்களா? தொங்கினது தொங்கினதுதான். க்ரீம் பூசினா மேல கொஞ்சம் பளபளக்கும், ஆனா ஏறாது. கோயம்புத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில இழுத்துத் தைக்கறாங்க, அது நமக்கு எதுக்கு. இனி இதுக்கு மேல எச்சாத் தொங்காம இருக்கோணும்னா வெயில்ல முக்காடு போட்டுக்குங்க. சக்கரையக் கட்டுல வைங்க. முட்டைய மூஞ்சியில பூசாம வாயில போடுங்க. ராத்திரி நல்லாத் தூங்குங்க."

"அதுக்குத்தானுங்க வந்திருக்கறேன்" என்றேன். அப்போதுதான் அவர் லேசாகச் சிரித்தார்.

பல்லைப் பார்த்தார். எக்ஸ்ரேக்கு அனுப்பி, அது வந்ததும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிரஷர் பார்க்க ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். ஏற்றியவர் அந்த இடத்தைப் பார்த்து நின்றார். "இங்க பாருங்க. இது வெயிலே பாக்காத தோலு. இதுதாங்க உங்க நெச வயசு." நானும் குனிந்து பார்த்தேன். ரவிக்கைக்குள் இருந்த அந்த ஒரு சாண் இடம் வெளுப்பாக, வழுவழுவென்று யாருடைய கையோ மாதிரி இருந்தது. கிள்ளி இழுத்துவிட்டேன். விட்ட உடனே படுத்துக்கொண்டது. எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. இந்தத் தோல் இத்தனை வருடமாக என்னிடமே இருந்திருக்கிறது. நான் குளிக்கும்போதுகூட அதைப் பார்த்ததில்லை.

"முப்பத்தொம்பதுல இருந்து நாப்பத்தஞ்சுக்குள்ள" என்றார் டாக்டர். "இதுக்கு மேல துல்லியமாச் சொல்ல முடியாதுங்க. பொறந்த வருசம் உங்களுக்கு நெனப்பு இருந்தாச் சொல்லுங்க, இதுக்குள்ள வந்தா அதையே எழுதிடறேன்."

நாற்பத்து நாலு. நாக்கு நுனியில் இருந்தது. அறுபத்திரண்டாம் வருடம், தை எட்டு. ஆனால் அந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் பெண்ணின் குரல் காதுக்குள் கேட்க வேண்டும்? 'அம்மாயி, தாடையச் சித்த மேல தூக்குங்க.' கழுத்து எரிந்தது. கையில் அந்த வெள்ளைத் தோல் இன்னும் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"முப்பத்தொம்பதுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே வரிசை இன்னும் இருந்தது. எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! முப்பத்தொன்பது, கவர்மெண்ட் சீலோடு. பஸ்ஸில் ஏறியதும் ஒரு காலேஜ் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். முப்பத்தொன்பது வயதுக்காரிக்கு எதற்கு எழுந்திருக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சர்ட்டிபிகேட்டைத் தேவிப்பிரியாவின் மேஜையில் வைத்தேன். பூபாலனும் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றுகொண்டிருந்தான். அவள் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"மாசம், தேதி தெரியுமுங்களா?"

"தை எட்டு."

"அப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு ஜனவரி. ஓக்கேங்க, நாப்பது பேர்ல உங்களுக்கு இடம் உண்டு." மூச்சை விட்டேன். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். "பி.எஃப். ஃபாரமும் போட்டுர்றேன். உங்களுக்கு ரிட்டையர்மெண்ட் ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு ஜனவரிங்க."

"என்ன மெண்ட்?"

"ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் வேலைங்க. அது முடிஞ்சாத்தான் பென்ஷன். ஊட்டுல உக்காந்து வாங்கிக்கலாம்."

பென்ஷன் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு எங்களைக் கூட்டி வைத்துப் பேசும்போது பூபாலன் பி.எஃப். என்று சொன்னான்தான். அஞ்சரை என்று காதில் விழுந்ததற்கு மேல் நான்தான் எதையும் கேட்கவில்லையே.

பூபாலன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "உனக்கு எப்ப?" என்று கேட்டேன். சார் போட மறந்துவிட்டேன்.

"எனக்கு இருபதுல முடியுது" என்றான். பிறகு மெதுவாக, "ஏன் ரங்கா முப்பத்தொம்பதுன்ன?"

தேவிப்பிரியாவிடம் திரும்பினேன். "ஏன் கண்ணு, நாப்பத்து நாலுன்னு எழுதிட்டு வந்திருந்தா?"

"அதுவும் நாப்பத்தஞ்சுக்குள்ளதானுங்களே. எடுத்திருப்போம்."

"இப்ப மாத்தலாமா?"

அவள் சர்ட்டிபிகேட்டையும் என் முகத்தையும் பார்த்தாள். "ஏற்கனவே ரெண்டு அட்டையில ரெண்டு வயசு இருக்குதுங்க. இதையும் மாத்தினா ஆடிட்ல உங்க பேரையே எடுத்துருவாங்க. வேண்டாமுங்க." பிறகு ஃபாரத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "அக்கா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அக்கா.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே வாய்தான் அம்மாயி என்றது. என் முகம் அதே முகம்தான், போதாததற்குக் கழுத்தில் கட்டு வேறு. தாளில் முப்பத்தொன்பது என்று இருக்கிறது, அதனால் அக்கா. அந்த ஒரு சொல்லைத்தான் நான் டாக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன் போல. அதற்கு ஐந்து வருடத்தைக் கொடுத்திருக்கிறேன். ஐந்து வருடம், தினமும் எட்டு மணி நேரம், நின்றுகொண்டு.

கையெழுத்துப் போட்டேன். பெயர் எழுதக் கற்றுக்கொண்டது இந்தக் கம்பெனியில்தான், ரங்காத்தாள் என்று முழுசாக எழுதுவேன். பூபாலன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "போ, இனி அஞ்சரைக்குப் போயி நல்லாத் தூங்கு" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம்.

மாடிக்குப் போனேன். மூக்கம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெடைக்கலயாக்கா?" என்றாள். கிடைத்தது என்றேன். அவள் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மேஜை நிறையப் பீஸ் வந்து குவிந்திருந்தது. இரண்டாயிரத்து இருபதில் ஒரு நாள், இந்த மேஜைக்கு முன்னாலிருந்து பூபாலன் தன் சாவிக் கொத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவான். அவனுக்கு மாலை போடுகிறவர்களோடு நானும் நின்று கை தட்டுவேன். மறுநாள் எட்டரைக்கு மறுபடி இங்கே வந்து நிற்பேன். மேலே இருந்த முதல் பீஸை எடுத்து விரித்து, கழுத்தை இழுத்துவிட்டுப் பார்த்தேன். அது சரியாக இருந்தது, அடுத்ததை எடுத்தேன்.